முள்ளில்லாத் தொட்டாற்சிணுங்கி

மலாக்காவுக்கு ஒரு செடியைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அது பாதி உண்மை.

கணவர் முழுதாக நம்பினார். திருச்சியில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் தாவரவியல் நடத்தி, ஓய்வுபெற்று, குலசேகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊருக்குத் திரும்பியவள் நான். செடிக்காகக் கடல் தாண்டுகிறேன் என்றால் அவருக்கு ஆச்சரியம் இல்லை. எங்கள் பின்வாசலைத் திறந்தால் ரப்பர்த் தோப்பு. "நம்ம ரப்பருக்கு அடியில நிக்காத செடியா அங்க நிக்குது?" என்று மட்டும் கேட்டார்.

செடி இங்கேயும் நிற்கிறது. பெரிய தொட்டாற்சிணுங்கி. எல்லோருக்கும் தெரிந்த சின்ன தொட்டாற்சிணுங்கிக்கு அண்ணன் முறை. தண்டு நான்கு பட்டையாக இருக்கும். பட்டையின் விளிம்பு நெடுக, கீழ்நோக்கி வளைந்த முட்கள். பூ அதே இளஞ்சிவப்புப் பஞ்சு உருண்டை. தொட்டால் இலை மூடும், ஆனால் தம்பியைப் போல உடனே மூடாது, யோசித்துவிட்டு மூடும். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து கிளம்பி, ஜாவா, இலங்கை, பசிபிக் தீவுகள் என்று கால் வைத்த இடமெல்லாம் சொந்த ஊராக்கிக்கொண்டது. வயலில் இறங்கியவர் காலைக் கிழிக்கும்.

இதில் முள்ளே இல்லாத ஒரு வகை உண்டு. ரப்பர்த் தோட்டங்களில் மண்ணை மூடிக் காக்க அந்த வகையை விதைத்தார்கள். ஜாவாவில் இருக்கிறது என்று எங்கள் காலத்து நூலகத்தில் ஒரு புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. மலாக்காவிலும் இருக்கிறது என்றவள் என் விடுதி அறைத்தோழி புவனா.

புவனேஸ்வரி மலாக்காவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கூலியில் அவள் அப்பா அவளைத் திருச்சிக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். விடுமுறைக்கு ஊர் போனவள் தன் தோட்டத்திலிருந்து ஒரு கிளையை அழுத்தி உலர்த்திக் கொண்டுவந்தாள். முள்ளில்லாத கிளை. அவளுடைய ஆய்வு முழுக்க அந்த ஒரு தாளின் மேல்தான் நின்றது. எங்கள் பேராசிரியருக்குச் சந்தேகம் வந்தது. முள்ளைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒட்டியிருக்கிறாள் என்று நினைத்தார். ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, "ரூம்ல அவ பிளேடு வச்சுத் தண்டைச் சுரண்டினதை நீ பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். பார்த்ததும் உண்மை. புவனாவின் ஆய்வு அதோடு முடிந்தது. மூன்று வாரத்தில் அவள் கப்பல் பெட்டியைப் பூட்டிக்கொண்டு ஊர் போய்விட்டாள்.

சென்ற வருடம் நாங்கள் படித்த துறையின் உலர்தாவர அலமாரிகளைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றும்போது உதவிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வேறொரு தாளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அவளுடைய தாள் கிடைத்தது. உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். இந்தச் செடியின் முள் ரோஜா முள்ளைப் போன்றது, தோலின் மேலே முளைப்பது. பிய்த்தால் வந்துவிடும், ஆனால் நீள்வட்டத்தில் ஒரு தழும்பை விட்டுப்போகும். அந்தத் தண்டில் நுனி முதல் அடி வரை ஒரு தழும்பும் இல்லை. ஒருவேளை அவள் சுரண்டித்தான் இருப்பாளோ என்ற ஒரு எண்ணத்தை முப்பத்துச் சொச்சம் வருடமாக எனக்கு வசதியாக வைத்திருந்தேன். அது அன்று போயிற்று.

தாளை அதே அளவில் படமெடுத்து அச்சிட்டுக்கொண்டேன். தாளின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் அவள் கையெழுத்தில் பெயர், நாற்பத்தொன்று என்ற சேகரிப்பு எண், ஒரே ஒரு முகவரி: ஆத்தங்கரைத் தோட்டம், அலோர் காஜா, மலாக்கா.

மலாக்கா நகரத்தில் அறை எடுத்துப் பெட்டியை வைத்த கையோடு கிளேபாங் கடற்கரைப் பக்கம் போனேன். சாலையோரம் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். இளநீரையும் வழுக்கையையும் ஐஸோடு அடித்து மேலே ஒரு உருண்டை ஐஸ்கிரீம் வைத்துத் தருகிறார்கள். கூட்டம் அதற்குத்தான். எங்கள் ஊரில் தேங்காய்க்கு இவ்வளவு மரியாதை கொடுத்துப் பார்த்ததில்லை. கடலும் எங்கள் கடல் போல இல்லை. கன்னியாகுமரிக் கடல் பேசிக்கொண்டே இருக்கும், இது வாயைத் திறக்கவில்லை.

புல்தரையில் ஒரு மலாய்க் குழந்தை குத்தவைத்து உட்கார்ந்து எதையோ ஒரு விரலால் தொட்டுத் தொட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. சின்ன தொட்டாற்சிணுங்கி. குழந்தை அம்மாவிடம் ஏதோ கேட்டது, அம்மா ஏதோ சொன்னாள். எனக்குப் பக்கத்தில் நின்ற கடைக்காரத் தமிழரிடம் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன்.

"அது எப்பம்மா முழிக்கும்னு பிள்ளை கேக்குது. நீ போனப்புறம்னு அம்மா சொல்லுது," என்றார். "இதுக்கு இங்க செமாலுன்னு பேரு. மாலுன்னா வெக்கம். வெக்கப்படுற செடி."

மறுநாள் காலை ரொட்டி சானாய் சாப்பிட்டேன். நம் பரோட்டாவுக்கு மெலிந்த தங்கை. தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. பிறகு அலோர் காஜா போக பஸ் நிலையம் வந்தேன். நடைமேடை எண்ணைச் சரியாகத்தான் பார்த்தேன், ஆனால் நின்றிருந்த பஸ் வேறு. முக்கால் மணி நேரம் கழித்து ஜன்னலுக்கு வெளியே தொழிற்சாலைச் சுவர்களாகவே வந்தபோதுதான் சந்தேகம் வந்தது. ஓட்டுநர் கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, கையை விரித்து, "புக்கிட் ரம்பாய்" என்றார்.

நிறுத்தத்தில் நிழல் ஒரு ஆள் அகலம்தான். அதில் நீலச் சீருடை போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

"ஊர்லேருந்து வந்தீங்களா ஆன்ட்டி?" என்றாள். இங்கே ஊர் என்றால் இந்தியா. "அலோர் காஜா பாஸ் இங்க வராதுலா. திரும்ப டவுனுக்குப் போயி ஏறணும். அடுத்த பாஸ் ஒரு மணி நேரம் ஆகும்."

அவள் பெயர் சாந்தி. இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறாள். காத்திருக்கும் நேரத்தில் நான் எழுந்து சாலையோரச் சாக்கடை மேட்டுக்குப் போனேன். தொழிற்சாலை வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெரிய தொட்டாற்சிணுங்கி ஒரு ஆள் உயரம் ஏறி நின்றது. முள்ளுள்ளது. தூக்கிப் பிடித்து ஒவ்வொரு தண்டாகத் தடவிப் பார்த்ததில் புறங்கையில் நான்கு கோடு விழுந்தது.

சாந்தி பையிலிருந்து காகிதம் எடுத்துக் கொடுத்தாள். "அத எதுக்குத் தொடுறீங்க? அது நல்ல செடி இல்ல."

முள்ளில்லாததைத் தேடுகிறேன், ஆத்தங்கரைத் தோட்டத்தில் இருந்ததாம் என்றேன். தோட்டத்துப் பெயரைக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"அந்தத் தோட்டமா? எங்க தோட்டத்துக்கு அடுத்ததுதான். ரெண்டையும் உடைச்சு ஆளுங்கள அனுப்பிட்டாங்க. பாஸ்ல போனா ரோட்டுலேருந்து ரொம்ப நடக்கணும். எங்க அண்ணன் காடி ஓட்டுறாரு, அவரைக் கூப்டுக்குங்க." காடி என்றால் கார். அண்ணனின் எண்ணை என் கைபேசியில் தானே போட்டுக் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: "தோட்டத்துல யாராச்சும் இருக்காங்களா உங்களுக்கு?"

"இருந்தாங்க," என்றேன்.

அண்ணன் பெயர் மணியம். மூன்றாம் நாள் காலை ஏழரைக்கெல்லாம் வாசலில் நின்றார். போகிற வழியில் நாசி லெமாக் பொட்டலம் இரண்டு வாங்கி, ஒன்றை என் மடியில் வைத்தார். தேங்காய்ப்பால் சோறு, பொரித்த நெத்திலி, இனிப்பும் காரமுமான சம்பல். காலை வேளையில் சோறா என்று தயங்கிவிட்டு, இலையை வழித்துச் சாப்பிட்டேன்.

எனக்கு மனதில் இருந்தது புவனா சொன்ன தோட்டம். பால்மரம், வரிசை வீடுகள், வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழும் தரை, முழங்கால் வரை மெத்தை போல முள்ளில்லாச் செடி. விடுதியில் மின்சாரம் போகும் சாயங்காலங்களில் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் போகாமலே பாதை தெரிந்த இடம் அது. மணியம் வண்டியை நிறுத்திய இடத்தில் ஒரு ரப்பர் மரமும் இல்லை. கண்ணுக்கெட்டிய வரை செம்பனை, பாமாயில் எடுக்கும் மரம். தடித்த அடிமரங்கள், தலைக்கு மேல் கறுத்த ஓலை, கீழே இருட்டு. தரையை மூடி வேறு ஏதோ கொடி, அகன்ற இலையோடு, மரத்தின் மேலும் ஏறிக்கொண்டிருந்தது. இப்போது மண்ணை மூட அதைத்தான் விதைக்கிறார்கள்.

வேறு தோட்டம் வந்துவிட்டோமா என்று கேட்டேன்.

"இதுதான் ஆன்ட்டி. மரத்தை மாத்திட்டாங்க, ஆளையும் மாத்திட்டாங்க," என்றார் மணியம்.

பத்து மணி வரை தேடினோம். வெளிச்சம் விழும் பாதை ஓரங்களில் மட்டும் செடி இருந்தது, எல்லாம் முள்ளுள்ளது. மணியத்தின் காற்சட்டையில் ஒரு கிழிசல். அவர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தத் தோட்டத்துல களைக்கு மருந்தடிச்ச வீரம்மாக்கா இன்னும் இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாத புல்லு கிடையாது," என்றார்.

வீரம்மா இருந்தது தோட்டத்துக்கு வெளியே தாமானில், அதாவது புதிதாகக் கட்டிய வீட்டு வரிசையில். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முதுகில் மருந்து டின்னைச் சுமந்த தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. முன்வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கேட்காமலே பால் விடாத காப்பி கொண்டுவந்தார். நான் படத்தை மடியில் விரித்தேன். கண்ணாடி போடாமலே பார்த்தார்.

"முள்ளு இல்லாததுதான? இருந்துச்சு. இருந்துச்சுன்னா, தோட்டம் பூரா அதான் இருந்துச்சு. மத்தியானம் சோறு தின்னுட்டு அதுலதான் படுப்போம்."

நான் காப்பியைக் கீழே வைத்தேன். "நிச்சயமா அதுதானா? சின்ன செமாலு இல்லையே?"

"எனக்குத் தெரியாதாம்மா? சின்னது தரையோட கிடக்கும். இது மேல ஏறும். முள்ளு இருக்கறதுக்கும் இதுக்கும் பூ ஒண்ணுதான், காயி ஒண்ணுதான். ஒரு தடவ பழனியோட ஆடு அதத் தின்னுட்டு மூணு செத்துப்போச்சு. அப்புறந்தான் மண்டோர் அத அடிச்சு ஒழின்னாரு. நாந்தான் அடிச்சேன். அது போன இடத்துல முள்ளு வந்துச்சு."

வேலை வாங்கிய மேற்பார்வையாளர் சொன்னார், இவர் அடித்தார். முள்ளில்லாச் செடிக்கு அவ்வளவுதான் வரலாறு. நான் இதைக் கேட்க இந்த வயதில் கடல் தாண்டி வந்திருக்கிறேன். அன்றைக்கு ஒருவர் இந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் போதும்.

சீட்டில் உள்ள பெயரைப் படித்துக் காட்டினேன். வீரம்மா படத்தின் மேல் கை வைத்தார்.

"நம்ம சின்னசாமி மகளா? ஊருக்குப் படிக்கப் போச்சே, அந்தப் பிள்ளையா? படிப்பு வேணாம்னு பாதியில வந்துருச்சு. அவங்கப்பா கோயில்ல உக்காந்து அழுதாரு. ஏன் வந்தேன்னு எத்தன பேரு கேட்டோம், ஒரு வார்த்த சொல்லல." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க கூடப் படிச்சவங்களா? உங்ககிட்ட சொல்லுச்சா?"

நான் காப்பியை எடுத்துக் குடித்தேன். மணியம் என்னைப் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார். கோலா சுங்கை பாருவில், லாரி ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு, என்றார் வீரம்மா. எண்ணும் வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் அறையில் உட்கார்ந்து அந்த எண்ணுக்குப் பேசினேன். "எஸ்தர் பேசுறேன், திருச்சி ஹாஸ்டல்," என்றேன். எதிர்முனையில் மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க," என்றாள். வாங்க என்றாள். எங்கள் அறையில் வா, போ, எருமை தவிர வேறு மரியாதை இருந்ததில்லை.

கோலா சுங்கை பாரு மீன்பிடி ஊர். ஆற்று முகத்தில் படகுகள், பலகைப் பாலம், காற்றில் கருவாடு. குளச்சல் வாடைதான், கண்ணை மூடினால் ஊரில் இருப்பது போல இருந்தது. புவனாவின் வீடு கடலிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வரிசை வீடு. இரும்புக் கதவைத் திறந்தவளின் தலை முழுக்க நரைத்திருந்தது. மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் அதே கண். மணியத்தை ஆற்றுப்பக்கம் கடையில் இருக்கச் சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன்.

"வாங்க. உக்காருங்க. வீட்டுக்காரரு ஜோகூர் போயிருக்காரு."

பிள்ளைகள் எத்தனை, எங்கே இருக்கிறார்கள், வெயில் எப்படி என்று பத்து நிமிடம் பேசினோம், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்கள் போல. புக்கிட் ரம்பாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாளாம். "இருபத்தாறு வருஷம். லென்ஸுல பாக்குற வேல. சின்னச் சின்ன ஒயரு, சரியா ஒட்டியிருக்கா இல்லையான்னு."

நான் படங்களை எடுத்து மேசையில் வைத்தேன். முதலில் முழுத் தாள். அவள் செடியைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்த்தாள்.

"எவ்வளவு அழகா எழுதியிருக்கேன்," என்றாள்.

பிறகு தண்டின் பெரிதாக்கிய படங்களை எடுத்து, கண்ணாடியைக் கழற்றி, முகத்துக்கு அருகில் கொண்டுபோய், ஒரு விளிம்பில் ஆரம்பித்து மறு விளிம்பு வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தாள். இருபத்தாறு வருடம் பார்த்தவளின் பார்வை அது. எல்லாவற்றையும் பார்த்து முடித்து, ஓரத்தைத் தட்டி அடுக்கி, கவிழ்த்து வைத்தாள்.

"தழும்பு இல்ல," என்றேன்.

"எனக்குத் தெரியுமே."

"அன்னைக்கு சார் கேட்டப்போ, நீ பிளேடால சுரண்டினதைப் பாத்தேன்னு சொன்னேன்."

"தெரியும்."

"எதுக்குச் சுரண்டினேன்னு நீ என்கிட்ட சொல்லியிருந்த. நம்ம ஊரு முள்ளுச்செடியைச் சுரண்டி, தழும்பு எப்படி வருதுன்னு பாக்கறேன்னு சொன்ன. அதை நான் சார்கிட்ட சொல்லல."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடமும் இல்லை.

"அதுவும் தெரியும்," என்றாள் புவனா. "சொல்லியிருந்தா சார் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பாரு. கூப்பிடல. அப்ப நீங்க சொல்லலன்னுதான அர்த்தம்."

வெளியே ஐஸ் விற்கும் மோட்டார்சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. "ஏன் சொல்லல?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்பது போலக் கேட்டாள்.

வரும் வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்த பதில்களை விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னேன். "அவரு அதுவரைக்கும் என்கிட்ட ஒண்ணும் கேட்டதே இல்ல. எதுன்னாலும் உன்கிட்டதான் கேப்பாரு. முதல் தடவையா என்னைக் கூப்பிட்டாரு. அவரு எதிர்பார்த்த பதிலைச் சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். நின்றுகொண்டே, ஜன்னலைப் பார்த்துப் பேசினாள்.

"சாரை நான் அப்பவே மறந்துட்டேன். அவருக்கு நான் யாரு? ஆனா கிளம்புற அன்னைக்கு நீ ஸ்டேஷனுக்கு வரல. ரயிலு நகர்ற வரைக்கும் படிக்கட்டு பக்கமே பாத்துக்கிட்டிருந்தேன். இங்க வந்த பிறகும், ஒரு கடுதாசி வரும்னு ரெண்டு வருஷம் தபாலு வர்ற தோட்டத்துக் கிராணி ஆபீஸுக்குப் போய்ப் போய்க் கேட்டேன். திட்டிக்கூட எழுதியிருக்கலாம் நீ."

நீ என்றாள். அந்தச் சொல்லுக்காக நான் எதையும் கொடுத்திருப்பேன், ஆனால் அது வந்த வாக்கியம் இது.

மன்னித்துவிடு என்றேன். சாப்பிட்டுப் போகலாம் என்று சமையலறைக்குள் போனாள்.

மணியத்தையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பரிமாறினாள். அசாம் பெடாஸ், இந்தப் பக்கத்துப் புளிப்பு மீன்குழம்பு. எங்கள் ஊரில் குடம்புளி போட்டு வைக்கும் மீன்கறிக்கு நெருங்கிய உறவு, வெண்டைக்காயும் ஏதோ வாசனைத் தழையும் மட்டும் கூடுதல். மணியம் மூன்று முறை சோறு வாங்கினார். சாப்பாட்டுக்கு நடுவில் புவனா என் தட்டில் மீன் வைத்துக்கொண்டே, "இப்ப உன் பேருக்கு முன்னால டாக்டர்னு போடுவாங்களா?" என்று கேட்டாள்.

"போடுவாங்க."

"எனக்கும் போட்டிருப்பாங்க, இல்ல?"

மணியம் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஆமாம் என்றேன். அந்த ஆமாமைச் சொல்லத்தான் வந்தேன் போலிருக்கிறது.

கிளம்பும்போது நாளைக்கு எத்தனை மணிக்கு உனக்கு பஸ் என்று கேட்டாள். கோலாலம்பூருக்குப் பன்னிரண்டு மணிக்கு என்றேன். "ஏழு மணிக்கு வந்து என்னை ஏத்திக்குங்க தம்பி," என்று மணியத்திடம் சொன்னாள்.

ஐந்தாம் நாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன், மூவரும் ஆத்தங்கரைத் தோட்டத்தில் நின்றோம். தோட்டம் உடைந்த பிறகு புவனா இந்தப் பக்கம் வந்ததில்லையாம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். செம்பனை வரிசைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்று திசை பார்த்தாள். பிறகு நேராக நடந்து, ஒரு மழைத்தண்ணீர் ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனாள். மருந்து டின்னோடு யாரும் இறங்க முடியாத சரிவு.

அங்கே ஒன்றரை மணி நேரம் பார்த்தோம். செடி இருந்தது, முள்ளும் இருந்தது. ஒரே ஒரு கொடியில், நுனியிலிருந்து இரண்டு சாண் நீளத்துக்கு முள் மிகக் குறைவு, பட்டையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக. அடியில் வழக்கம் போல நெருக்கம். முள்ளில்லாததன் வாரிசா, அல்லது வெறும் இளந்தளிரா, அங்கேயே நின்று சொல்ல முடியாது. இது அது இல்லை என்றேன்.

"இல்லதான்," என்றாள். "ஆனா இதையும் எடுக்கணும்லா. எத்தன முள்ளுன்னு எண்ணி எழுதணும்."

அவள் வெட்டினாள், நான் பிடித்தேன். தமிழ் நாளிதழை விரித்து, இலைகள் மூடிக்கொள்வதற்குள் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள். கை எதையும் மறந்திருக்கவில்லை. என் களக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினாள். இடம், மண், பூவின் நிறம், முட்களின் எண்ணிக்கை. சேகரித்தவர் என்ற இடத்தில் தன் பெயரை மட்டும் எழுதினாள். அது நியாயம் என்று எனக்குப் பட்டது.

அடுத்தது எண். செடி சேகரிக்கிறவர்களுக்கு ஒன்றிலிருந்து தொடங்கி ஆயுள் முழுக்க ஒரே வரிசைதான். நாடு மாறினாலும், இடையில் எத்தனை வருடம் விட்டாலும், விட்ட இடத்திலிருந்துதான் தொடர வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு அவள் யோசித்தாள். எனக்கு அந்த எண் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் நாற்பத்திரண்டு என்று எழுதிவிட்டாள்.

எழுதிவிட்டுப் புத்தகத்தை என்னிடம் திருப்பித் தரவில்லை. ஓடையின் மறுகரையில் வெள்ளையாக எதுவோ பூத்திருந்தது. அதைப் பார்த்து நடந்தாள். நாற்பத்தாறு வரை எடுத்தோம். என் பஸ் பன்னிரண்டு மணிக்குப் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் மணியம் ஏற்றிவிட்டார்.

அனுமதி இல்லாமல் ஒரு இலையைக்கூட அந்த நாட்டிலிருந்து கொண்டுவர முடியாது. எல்லாம் அவள் வீட்டில் அரிசி மூட்டைக்கு அடியில் அழுந்திக்கொண்டிருக்கின்றன. குறிப்பேடும் அங்கேதான். நான் வெறுங்கையோடு வந்தேன்.

வந்த பிறகு நாலைந்து முறை கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை. ஆனால் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ வாட்ஸப்பில் ஒரு படம் வரும். அழுத்திய செடி, ஓரத்தில் சீட்டு, சீட்டில் எண். வேறு ஒரு வார்த்தை இருக்காது. நலமா என்று நான் கேட்டது இரண்டு நீலக் கோட்டோடு அப்படியே நிற்கும்.

நேற்று வந்தது அறுபத்து மூன்று. முள்ளுக்கீரை, கோலா சுங்கை பாரு, மீன் இறங்கும் துறைக்குப் பக்கம். படத்தைப் பெரிதாக்கி முட்களை எண்ணினேன். பிறகு அவள் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சில சீட்டுகளில் நடுங்கியது. இப்போது நிமிர்ந்துவிட்டது.